மூன்றாம் பேங்க்: ஒரு சோலினாய்டு டிரைவர் போர்டும் விரிசல் விட்ட ஜீனரும்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனி. நிறம் பார்த்துப் பருப்பைப் பிரிக்கும் கலர் சார்ட்டரில் 19ஆம் வாய் காற்றை நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்கிறது என்று தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்தேன். அதே இயந்திரத்துக்காக அதற்கப்புறம் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. இரண்டாம் முறை நான் செய்த வேலை டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்றியது, ஆனால் நல்ல பருப்பை வீணாக்கியது. டயோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் உறுப்பு, போட்டால் பாதுகாப்பு என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். எந்த டயோடு, எந்த இடத்தில், அதனால் வால்வு எவ்வளவு தாமதமாக மூடுகிறது என்பதுவரை போக வேண்டும் என்று எனக்குப் புரியவைத்த வேலை இது. அதனால்தான் அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

முதலில் இயந்திரம். தோல் நீக்கிய பருப்பு அதிர்வுத் தட்டிலிருந்து சரிவுத் தகட்டில் வழுக்கி விழும். விழும் வழியில் கேமரா பார்க்கும். கரித்தது, தோல் ஒட்டியது, புள்ளி விழுந்தது என்று கண்டால், அந்தப் பருப்புக்கு நேரே உள்ள காற்று வாய் 6 மில்லி விநாடி திறந்து அதைத் தள்ளுபடித் தொட்டிக்குத் தள்ளும். மொத்தம் 64 வாய்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சோலினாய்டு வால்வு, காயிலில் மின்சாரம் பாய்ந்தால் திறக்கும், நின்றால் மூடும். காயிலுக்கு 24 வோல்ட், மின்தடை 24 ஓம், ஆக ஒரு ஆம்பியர். ஒவ்வொரு காயிலையும் இயக்க, சுவிட்ச் போல ஒரு டிப்122 டார்லிங்டன் டிரான்சிஸ்டர். எட்டு எட்டாகப் பிரித்து எட்டு பேங்க். இரண்டாம் கையாக வாங்கிய பழைய இயந்திரம் என்பதால் சர்க்யூட் படம் எதுவும் கைவசம் இல்லை.

முதல் முறை போனபோது 19ஆம் வாயின் டிரான்சிஸ்டரில், காயில் பக்கக் காலான கலெக்டரும் தரைப் பக்கக் காலான எமிட்டரும் ஷார்ட். அதனால்தான் வால்வு மூடவே இல்லை. அது செத்தபோது கலெக்டரில் இருந்த 24 வோல்ட், கட்டளை வாங்கும் காலான பேஸ் வழியாக ஓடி, முன்னால் இருந்து கட்டளை அனுப்பும் 74எச்சிடி273 சில்லையும் எரித்துவிட்டிருந்தது. 5 வோல்ட்டில் வாழும் சில்லு அது, எப்படித் தாங்கும்? இரண்டையும் மாற்றினேன். காயிலை அளந்தேன், 24 ஓம் சரியாக இருந்தது. போர்டில் இருந்த 1என்4007 டயோடுகள் எட்டையும் மல்டிமீட்டரில் பார்த்தேன், எட்டும் நல்லவை. இரண்டு மணிநேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

நான்காம் நாள் 22ஆம் வாய். ஆறாம் நாள் 17ஆம் வாய்.

17, 19, 22. மூன்றும் மூன்றாம் பேங்க். மற்ற ஏழு பேங்குகளில் ஒரு டிரான்சிஸ்டர்கூடப் போகவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இன்னொன்றும் சொன்னார்: “காலையில நல்லாத்தான் ஓடுது தம்பி. மத்தியானம் சாப்பிட்டு வந்தப்புறம்தான் இந்தக் கூத்து.” இந்த மத்தியானத் தகவல் முதல் நாளே என் கையில் இருந்திருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும். நான் அவரைக் கேட்கவில்லை.

டிரான்சிஸ்டரைக் கொல்வது எது

ட்யூப்லைட்டுக்குச் சோக்கு எதற்கு என்று தெரிந்தவருக்கு இது புதிதில்லை. ஸ்டார்ட்டர் தொடர்பை விட்ட நொடியில் சோக்கு ஒரு பெரிய உதை கொடுக்கும், அந்த உதையில்தான் ட்யூப் பற்றிக்கொள்ளும். காயிலில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. நிறுத்தப் பார்த்தால், எப்படியாவது ஓடிவிட வேண்டும் என்று காயில் தன் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். ட்யூப்லைட்டில் அந்த உதை நமக்கு வேண்டும். டிரைவர் சர்க்யூட்டில் அதுவே எமன்.

இந்த வால்வுக் காயிலின் இண்டக்டன்ஸை, அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணத்தை, எல்சிஆர் மீட்டரில் அளந்தபோது 48 மில்லி ஹென்றி காட்டியது. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் 5 மைக்ரோ விநாடியில் அறுந்தால், 0.048ஐ 0.000005ஆல் வகுக்க வேண்டும்: 9,600 வோல்ட். உண்மையில் அவ்வளவு வராது, ஏனென்றால் அதற்கு வெகு முன்பே டிரான்சிஸ்டர் உடைந்து வழிவிட்டுவிடும். டிப்122 உத்தரவாதமாகத் தாங்குவது 100 வோல்ட். அதற்குமேல் போகும் ஒவ்வொரு தடவையும் அதன் சிலிக்கானுக்குள் ஒரு சின்ன இடத்தில் சூடு குவியும். சில ஆயிரம் தடவை தாங்கும், பல லட்சம் தடவை தாங்காது. ஒரு ஷிஃப்டில் ஒரு வாய் எத்தனை முறை அடிக்கும் என்று எண்ணினால், இந்த டிரான்சிஸ்டர்கள் நான்கு நாள் வந்ததே பெரிது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். டிப்122இன் டேட்டாஷீட்டில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு டயோடு வரைந்திருக்கும். உள்ளேயே டயோடு இருக்கிறது, வெளியே எதற்கு என்று அனுபவம் உள்ளவர்களே கேட்டிருக்கிறார்கள். அந்த டயோடு, கலெக்டர் எமிட்டருக்குக் கீழே இறங்கினால்தான் கடத்தும். காயிலின் உதை கலெக்டரை மேலே தூக்குகிறது. அதனால் அந்த நேரத்தில் உள்ளிருக்கும் டயோடு கைகட்டி வேடிக்கைதான் பார்க்கும். காப்பாற்ற வேண்டியது காயிலுக்குக் குறுக்கே, பட்டை போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி போட்ட டயோடுதான். அதைத் திருப்பிப் போட்டால் டிரான்சிஸ்டர் ஆன் ஆன நொடியில் 24 வோல்ட்டே ஷார்ட் ஆகிவிடும்.

இரண்டாம் முறை

இந்த முறை போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து, செப்புத் தடங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தேன். எட்டு 1என்4007களின் பட்டை முனைகளும் 24 வோல்ட்டுக்கு நேரே போகவில்லை. எட்டும் ஒரே தடத்தில் சேர்ந்தன. அந்தத் தடத்திலிருந்து ஒரே ஒரு 1என்5365பி, அதாவது 36 வோல்ட் 5 வாட் ஜீனர், வழியாகத்தான் 24 வோல்ட்டுக்குப் பாதை. குறிப்பிட்ட வோல்ட் வந்தபின்தான் பின்னோக்கி வழிவிடும் டயோடு ஜீனர். நல்ல வடிவமைப்பு இது. எட்டு டிரைவர்கள் உள்ள யூஎல்என்2803 சில்லை வைத்துச் செய்யும் போர்டுகளிலும், அதன் டயோடுகள் சேரும் காம் முனையைச் சிலர் இப்படி ஜீனர் வழியாகக் கட்டுவதுண்டு. காயில் உதைக்கும்போது கலெக்டர் 24, ஜீனரின் 36, டயோடின் 0.7, மொத்தம் 61 வோல்ட்டுக்கு ஏறி அங்கேயே நிற்கும். அதற்குமேல் போகாது. 100 வோல்ட் டிரான்சிஸ்டருக்கு அது பத்திரமான உயரம்.

ஆனால் எட்டுப் பேரின் உயிரும் அந்த ஒரு ஜீனரின் இரண்டு கால்களில் இருக்கிறது.

ஜீனருக்குக் கீழே போர்டு வெல்லப் பாகு நிறத்துக்குக் கறுத்திருந்தது. மல்டிமீட்டரில் பார்த்தால் ஜீனர் நன்றாகவே இருந்தது, தடத்தோடு தொடர்பும் இருந்தது. முதல் நாள் டயோடுகளை அளந்து நான் ஏமாந்ததும் இப்படித்தான். லென்ஸை வைத்துப் பார்த்தபோது ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் முடியிழை அளவுக்கு ஒரு வட்டமான விரிசல் தெரிந்தது. மரக்குச்சியால் காலை லேசாகத் தள்ளினால் தொடர்பு விட்டது, எடுத்தால் சேர்ந்தது. காலையில் போர்டு குளிர்ந்திருக்கும்போது கால் ஈயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நான்கைந்து மணிநேரம் ஓடி ஜீனர் சூடேறினால் கால் நீண்டு விலகிவிடும். அக்கா சொன்ன மத்தியானக் கூத்துக்கு அர்த்தம் அதுதான். தொடர்பு விட்ட நேரத்தில் எட்டு டயோடுகளும் நல்லவையாக இருந்தும் பயனில்லை, அவை போய்ச் சேரும் தடத்துக்கு வெளியே வழி இல்லை.

அடுத்து நான் செய்ததுதான் தப்பு. மணி இரவு ஏழரை. சூட்டில் அடிபட்ட ஜீனரை மறுபடி நம்பி வைக்க மனம் வரவில்லை. 36 வோல்ட் 5 வாட் ஜீனர் என்னிடம் இல்லை, கடலூரில் கேட்ட இரண்டு கடைகளிலும் இல்லை. ராத்திரி ஷிஃப்டுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜீனரை எடுத்துவிட்டு அதே துளைகளில் ஒரு கம்பியைப் போட்டுப் பற்றவைத்தேன். இப்போது டயோடுகள் நேராக 24 வோல்ட்டுக்குப் போகும். கலெக்டர் 25 வோல்ட்டைத் தாண்டாது. டிரான்சிஸ்டரின் பக்கம் நின்று பார்த்தால் முன்பைவிடவும் நல்ல பாதுகாப்பு. வால்வு மூடுவது கொஞ்சம் தாமதமாகும் என்று தெரியும். ஒரு மில்லி விநாடி கூடினால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன், கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

தள்ளுபடித் தொட்டியில் நல்ல பருப்பு

இரண்டு வாரம் எந்தப் புகாரும் இல்லை. அப்புறம் முதலாளியே கூப்பிட்டார். “சார், டிரான்சிஸ்டர் போகல, சரி. ஆனா தள்ளுற பருப்புல பாதி நல்ல பருப்பா வருதே. பொம்பளைங்க உக்காந்து திரும்பப் பொறுக்கிட்டு இருக்காங்க.”

டபிள்யூ320 ரகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பவுண்டில் 300 முதல் 320 முழுப்பருப்பு வரும் ரகம், ஒரு பருப்பு சுமார் ஒன்றரை கிராம். அப்படியொரு முழுப்பருப்பு கரித்த பருப்போடு சேர்ந்து போனால், யாராவது கையால் பொறுக்கி எடுக்கும்வரை அது நஷ்டக் கணக்கில்தான் இருக்கும்.

கேமரா லென்ஸைத் துடைத்தேன், காற்றழுத்தத்தைப் பார்த்தேன், உணர்திறன் அமைப்பைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. அக்காதான் மறுபடி வழிகாட்டினார். தள்ளுபடித் தொட்டியின் வாயில் அகலமாக ஒரு சாக்கை விரித்துப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். ஒரு பக்கம் கரித்ததும் தோல் ஒட்டியதுமாக விழுந்திருந்தது. நடுவே ஒரு குறுகிய பட்டையில் மட்டும் வெள்ளைப் பருப்பு கலந்து கிடந்தது. “இந்த இடத்துல மட்டும்தான் தம்பி.” அந்தப் பட்டைக்கு நேர் மேலே உள்ள வாய்களை எண்ணினேன். 17 முதல் 24 வரை.

காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டபோதே வித்தியாசம் தெரிந்தது. மற்ற வாய்கள் “டிக்” என்று அடித்து அறுந்தன. இந்த எட்டும் “டிஃப்” என்று இழுத்து ஓய்ந்தன.

பேட்டரியில் ஓடும் கையடக்க ஆசிலோஸ்கோப்பை எடுத்தேன். காயிலின் பிளஸ் கம்பியில் ஒரு ஓம் 2 வாட் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து அதன் குறுக்கே அளந்தேன், ஒரு ஆம்பியருக்கு ஒரு வோல்ட். ரெசிஸ்டரை எமிட்டர் பக்கம் போட்டால் இந்த அளவு கிடைக்காது. டிரான்சிஸ்டர் ஆஃப் ஆனபின் மின்னோட்டம் காயிலுக்கும் டயோடுக்கும் இடையே மட்டுமே சுற்றும், எமிட்டருக்கு வராது. கரண்ட் பிளக்கில் மாட்டிய ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை 24 வோல்ட்டில் மாட்டினால் பொறி பறக்கலாம், அதனால்தான் பேட்டரி ஸ்கோப்.

திரையில் மின்னோட்டம் ஏறும்போது நடுவே ஒரு சின்னப் பள்ளம் தெரியும், வால்வைத் திறக்கும் இரும்புத் தண்டான பிளஞ்சர் நகரும் கணம் அது. இறங்கும் பக்கம்தான் எனக்கு வேண்டியிருந்தது. 20ஆம் வாயில் மின்னோட்டம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிளஞ்சரை ஸ்பிரிங் திரும்ப இழுப்பது மின்னோட்டம் 0.2 ஆம்பியர் அளவுக்குக் குறைந்தபின்தான். அதற்கு 3 மில்லி விநாடி ஆனது. ஜீனர் நல்லபடி இருந்த நான்காம் பேங்கில் 28ஆம் வாயை அளந்தேன், முக்கால் மில்லி விநாடி.

கணக்கும் அதையே சொன்னது. வெறும் டயோடு இருந்தால் மின்னோட்டத்தைத் தேய்ப்பது பெரும்பாலும் காயிலின் சொந்த மின்தடைதான். 48 மில்லி ஹென்றியை 24 ஓமால் வகுத்தால் 2 மில்லி விநாடி. ஒவ்வொரு 2 மில்லி விநாடிக்கும் மின்னோட்டம் 37 சதவீதமாகக் குறையும். ஒரு ஆம்பியர் 0.2க்கு வர 3 மில்லி விநாடி வேண்டும். ஜீனர் இருந்தால் 36 வோல்ட் எதிர்த்து நிற்கிறது, காயில் தன் ஆற்றலை அந்தச் சுவரில் மோதிச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறது. எவ்வளவு உயரத்துக்குத் தாவ விடுகிறோமோ அவ்வளவு வேகமாக வால்வு மூடும். டிரான்சிஸ்டருக்குப் பிடிக்காத அதே தாவல்தான் வால்வுக்கு வேண்டும். எவ்வளவு தாவலாம் என்று இருவருக்கும் பொதுவாக ஒரு வரம்பு வைப்பதுதான் ஜீனரின் வேலை.

பருப்பு வாயைக் கடக்கும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டர். ஒரு மில்லி விநாடிக்கு 3 மில்லிமீட்டர். கூடுதல் தாமதம் இரண்டேகால் மில்லி விநாடி, ஆக காற்றின் வால் 7 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. 6 மில்லி விநாடித் துடிப்பு என்றால் 18 மில்லிமீட்டர். அதன் பின்னால் தேவையில்லாமல் இன்னொரு 7. கெட்ட பருப்புக்குப் பின்னாலேயே வரும் நல்ல பருப்பின் நுனியில் அந்தக் காற்று பட்டால் போதும், அது புரண்டு தள்ளுபடிக்குப் போய்விடும். நான் நினைத்த “ஒரு மில்லி விநாடி” இதுதான்.

துடிப்பை 2 மில்லி விநாடி குறைத்துவிட்டால் என்ன என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த இயந்திரத்தில் துடிப்பின் அளவு 64 வாய்க்கும் பொது. இந்த எட்டுக்காகக் குறைத்தால் மீதி 56 வாய்களில் கெட்ட பருப்பு தப்பித்து நல்லதோடு போய்விடும்.

மாற்றியது

சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிப்போன ஜீனர்கள் கையில் இருந்தன. பழைய மாதிரி ஒரே 36 வோல்ட் போடாமல், 18 வோல்ட் 5 வாட் ஜீனர், 1என்5355பி, இரண்டைத் தொடராகப் போட்டேன். காரணம் சூடு. ஒரு அடியில் காயிலில் சேரும் ஆற்றல் 24 மில்லி ஜூல். அதில் சுமார் 17 ஜீனரில் தீர்கிறது, மீதி காயிலின் மின்தடையில். எட்டு வாய்களும் வினாடிக்குப் பத்து முறை அடிக்கும் மோசமான சரக்கு வந்தால், 80ஐ 17ஆல் பெருக்கினால் 1.36 வாட். 5 வாட் என்று எழுதியிருந்தாலும் காலை ஒட்ட வெட்டிப் போர்டில் படுக்க வைத்தால், அந்தச் சூடு முழுவதும் இரண்டு ஈயப் பொட்டுகளில் இறங்கும். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 0.7 வாட்டுக்குள் நிற்கும். 1 வாட் ஜீனரான 1என்4753ஏயும் 36 வோல்ட்தான், எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் இந்த இடத்தில் அது வெந்துவிடும். போர்டிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்த்தி நிறுத்தினேன். காலை அதற்கு மேல் நீட்டவில்லை, இந்த ஜீனர்கள் குளிர்வதே கால் வழியாகத்தான். கருகிய தடத்தைச் சுரண்டி, தடித்த செப்புக் கம்பி வைத்துப் புதுத் தடம் போட்டேன்.

டிரான்சிஸ்டர்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது இன்னொன்று அகப்பட்டது. அந்த பேங்கில் நான் மாற்றாத ஐந்தில் இரண்டு டிப்120. எனக்கு முன்னால் யாரோ போட்டவை. கால் வரிசை ஒன்று, தோற்றம் ஒன்று, ஆம்பியரும் அதே 5. கடைசி எண் மட்டும்தான் வேறு. ஆனால் டிப்120 தாங்குவது 60 வோல்ட், டிப்121 80, டிப்122 100. இங்கே கலெக்டர் ஒவ்வொரு அடிக்கும் 61க்கு ஏறுகிறது. 60 என்பது குறைந்தபட்ச உத்தரவாதம் என்பதால் இத்தனை நாள் ஓடியிருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிட்டேன்.

டயோடுகளுக்குப் பதில் வேகமான ஷாட்கி டயோடு போடலாமே என்று எனக்கும் ஒரு யோசனை வந்தது, நல்லவேளை போடவில்லை. 1என்5819 தாங்குவது 40 வோல்ட். இங்கே 17ஆம் வாய் அணையும் கணத்தில் பொதுத் தடம் 60 வோல்ட்டுக்கு ஏறும். அதே கணத்தில் 18ஆம் வாய் ஆனில் இருந்தால் அதன் கலெக்டர் ஒரு வோல்ட்டில் இருக்கும். அந்த டயோடின் மேல் தலைகீழாக 59 வோல்ட். 1என்4007 ஆயிரம் வோல்ட் தாங்கும். அது மெதுவாக அணையும் டயோடுதான், 20 கிலோ ஹெர்ட்ஸில் வெட்டி ஓட்டும் சர்க்யூட்டாக இருந்தால் சூடாகும், அங்கே வேகமாக அணையும் யூஎஃப்4007 வேண்டும். வினாடிக்குப் பத்து முறை அடிக்கும் இடத்தில் அந்தக் கவலை இல்லை.

வால்வு பிளக்கைப் பற்றியும் கம்பெனிக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். கடையில் கிடைக்கும் சில சோலினாய்டு பிளக்குகளில் எல்இடியோடு ஒரு டயோடும் உள்ளேயே வைத்திருப்பார்கள். பிளக் உடைந்து அப்படியொன்றை மாட்டினால், போர்டில் எந்த ஜீனர் இருந்தாலும் அந்த ஒரு வாய் மறுபடி 3 மில்லி விநாடிக்குப் போய்விடும். மல்டிமீட்டரில் இது எளிதில் பிடிபடாது. தள்ளுபடித் தொட்டியில்தான் தெரியும்.

மாற்றியபின் 20ஆம் வாயை மறுபடி ஸ்கோப்பில் பார்த்தேன். கலெக்டர் 61 வோல்ட்டுக்கு ஏறி, மேசை போலத் தட்டையாக ஒரு மில்லி விநாடி நின்று, 24க்கு விழுந்தது. மின்னோட்டம் முக்கால் மில்லி விநாடியில் 0.2க்கு வந்துவிட்டது. அக்கா சாக்கை விரித்து இன்னொரு பத்து நிமிடம் ஓட்டினார். நடுவிலிருந்த வெள்ளைப் பட்டை காணாமல் போயிருந்தது.

கிளம்பும் முன் மற்ற ஏழு பேங்குகளின் ஜீனர்களையும் லென்ஸில் பார்த்தேன். ஆறாவதிலும் எட்டாவதிலும் கால்களைச் சுற்றி அதே வளையம் தொடங்கியிருந்தது. கையில் மீதமிருந்த நான்கு 18 வோல்ட் ஜீனர்கள் அந்த இரண்டுக்கும் சரியாகப் போனது. மற்ற ஐந்து பேங்குகளின் ஈயத்தைப் புதிதாக ஓடவிட்டேன். மூடியின் உட்புறம் மார்க்கரில் எழுதிவைத்தேன்: “டிப்122 மட்டும். ஜீனர் 18+18, 5 வாட். கம்பி போட்டு இணைக்காதீர்கள்.”